பிரிவு 22-அ: வகுப்பறைக்குள் ஒரு சட்டமன்றம்

பள்ளி விழாவில் மாதிரி சட்டமன்றம் நடந்தால் எதற்குக் கைதட்டல் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளை வேட்டி கட்டிய எட்டாம் வகுப்புப் பையன் எழுந்து நின்று "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று இழுத்துத் தொடங்குவான். எதிர்க்கட்சி வரிசையில் கூச்சல் எழும். பேரவைத் தலைவராக உட்கார்ந்திருக்கும் மாணவி மணியடித்து ஓய்வாள். கடைசியில் ஒரு வெளிநடப்பு, அரங்கம் அதிரும். எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிட்டு, "இன்று நிறைவேற்றிய சட்டத்தில் மூன்றாம் பிரிவு என்ன சொல்கிறது?" என்று கேட்டால் விழிப்பார். மசோதா நிறைவேறியது என்ற அறிவிப்பு இருந்தது, மசோதா இருக்கவில்லை.

சட்டமன்றத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகளில் தெரியவருகிறது. ஒன்று பாடநூல். சமூக அறிவியலில் மாநில அரசு பற்றிய பாடத்தை எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். ஆளுநர், முதலமைச்சர், பேரவை, உயர் நீதிமன்றம் என்று வரிசையாக அதிகாரங்களின் பட்டியல் இருக்கும். மனப்பாடம் செய்து எழுதலாம். மற்றது தொலைக்காட்சி. அதில் சட்டமன்றம் என்பது அமளியும் பாராட்டுரையும் வெளியேற்றமும்தான். முதல் வழியில் மனிதர்கள் இல்லை. இரண்டாவது வழியில் சட்டம் இல்லை. பாத்திரமேற்று நடிக்கும் பாடமுறை இந்த இரண்டையும் இணைக்க முடியும் என்பதால்தான் அதற்குக் கல்வியில் மதிப்பு. ஆனால் அது மேடைப் பேச்சைச் சுற்றி அமைந்தால் தொலைக்காட்சியின் சின்னப் பிரதியாக முடிந்துபோகும். ஒரு சட்டப் பிரிவின் வாசகத்தைச் சுற்றி அமைந்தால்தான், மாநிலச் சட்டம் எப்படி உருவாகிறது என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் பிடிபடும். அப்படி அமைப்பது எப்படி என்பதைத் தமிழ்நாட்டின் இரண்டு உண்மையான சட்டங்களை வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பழைய முயற்சி

இந்த யோசனை புதிதல்ல. 1962இல் பம்பாயில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாடு, பள்ளி கல்லூரிகளில் மாதிரி நாடாளுமன்றம் நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1966இல் நாடாளுமன்ற விவகாரத் துறை டெல்லிப் பள்ளிகளில் இளைஞர் நாடாளுமன்றப் போட்டியைத் தொடங்கியது. பின்னர் கேந்திரிய வித்யாலயாக்களுக்கும் நவோதயா பள்ளிகளுக்கும் அது விரிந்தது. அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் திட்டம் என்பதே பெரிய விஷயம். ஆனால் அது போட்டியாகப் பிறந்தது. போட்டிக்கு மதிப்பெண் வேண்டும். ஒழுங்கும் கட்டுப்பாடும், நடைமுறையைக் கடைப்பிடித்த விதம், கேள்விகளுக்கும் விவாதத்துக்கும் தேர்ந்தெடுத்த பொருள், பேச்சின் தரம் என்று அந்த மதிப்பெண் பிரிக்கப்பட்டது. மசோதாவை யார் எழுதினார்கள், எந்தச் சொல்லைத் திருத்தினார்கள் என்பதற்குத் தனி மதிப்பெண் இல்லை. எதற்கு மதிப்பெண் உண்டோ அதைத்தான் பள்ளி பயிற்றுவிக்கும். ஆகவே நல்ல தமிழில், அல்லது ஆங்கிலத்தில், அல்லது இந்தியில் பேசத் தெரிந்த பத்துப் பிள்ளைகள் முன்வரிசைக்குப் போக, மற்றவர்கள் மேசையைத் தட்டும் கூட்டமானார்கள்.

அமெரிக்காவில் இதற்கு முன்பே மாநிலச் சட்டமன்றத்தை மையமாக வைத்த முயற்சிகள் தொடங்கின. 1935இல் அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பு இல்லினாய் மாநிலத்தில் 'பாய்ஸ் ஸ்டேட்' முகாமை நடத்தியது. 1936இல் நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் ஒய்.எம்.சி.ஏ. தன் 'யூத் அண்ட் கவர்ன்மென்ட்' திட்டத்தைத் தொடங்கியது. இரண்டாவதில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு: மாணவர்கள் தாங்களே மசோதா எழுதிக்கொண்டு வருகிறார்கள், குழுக்களில் அதைப் பாதுகாத்துப் பேசுகிறார்கள், பல மாநிலங்களில் உண்மையான சட்டமன்றக் கட்டடத்திலேயே அமர்ந்து வாக்களிக்கிறார்கள். நம் நாட்டிலும், ராஜஸ்தானில் 2021 நவம்பர் 14 அன்று ஜெய்ப்பூர் சட்டமன்ற அவையிலேயே குழந்தைகளின் அமர்வு ஒன்று நடந்தது. பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள், பிள்ளைகளே அமைச்சர்களாகப் பதில் சொன்னார்கள்.

இன்னொரு மரபும் நம்மிடம் இருக்கிறது. ராஜஸ்தானின் திலோனியாவில் இரவுப் பள்ளிப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்றம், கன்னியாகுமரிப் பகுதியில் முளைத்துப் பிற இடங்களுக்கும் பரவிய அண்டைவீட்டுக் குழந்தைகள் நாடாளுமன்றங்கள் ஆகியவை நடிப்பல்ல. தெருவிளக்கும் தண்ணீரும் பற்றிப் பிள்ளைகள் உண்மையிலேயே முடிவெடுத்துப் பெரியவர்களிடம் கொண்டுபோகும் ஏற்பாடுகள். குடிமைப் பண்பை வளர்ப்பதில் அவற்றுக்கு இணை இல்லை. ஆனால் ஒரு தெருவின் கோரிக்கைக்கும், கோடிக்கணக்கானவர்களைக் கட்டுப்படுத்தும் ஒரு சட்டத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அவை கற்பிப்பதில்லை. அது அவற்றின் வேலையும் அல்ல.

சான்று என்ன சொல்கிறது

நடித்துக் கற்றால் பிள்ளைகள் குதூகலிப்பார்கள். பாடம் ஏறுமா என்பது ஆசிரியர்களின் நியாயமான சந்தேகம். இதற்குக் கிடைத்திருக்கும் சான்றுகளில் கவனத்துக்குரியது 'நாலெட்ஜ் இன் ஆக்‌ஷன்' என்ற அமெரிக்க ஆய்வு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வால்டர் பார்க்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் உயர்நிலைப் பள்ளி அரசியல் பாடத்தை முழுக்கப் பாத்திரமேற்பால் நடத்தும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். மாணவர்கள் ஒரு கட்டத்தில் அரசியலமைப்பை எழுதியவர்களாகவும், இன்னொரு கட்டத்தில் தேர்தல் வேட்பாளர்களாகவும், நீதிபதிகளாகவும், சட்டமன்ற உறுப்பினர்களாகவும் மாறி மாறி அமர்ந்தார்கள். பின்னர், குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்து நடத்திய ஒப்பீட்டு ஆய்வின் முடிவுகள் 2021இல் வெளியாயின. அரசியல், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகிய இரு பாடங்களில் இவ்வாறு கற்ற மாணவர்களில் தேர்ச்சிக்குரிய மதிப்பெண் பெற்றவர்களின் விழுக்காடு, வழக்கமான முறையில் கற்றவர்களைவிடச் சுமார் 8 புள்ளிகள் அதிகம். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே அளவு பயன் கிடைத்தது.

இந்த முடிவை அப்படியே எட்டாம் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அந்தத் திட்டத்தில் பாத்திரமேற்புதான் பாடம். பாடம் நடத்தி முடித்த பிறகு வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் வைக்கும் கலைநிகழ்ச்சி அல்ல. ஆசிரியர்களுக்கும் தொடர் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஒரே கருத்தைப் பல சூழல்களில் திரும்பத் திரும்பச் சந்திக்கும்படி பாடம் வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆக, ஒரு நாள் விழாவாக நடக்கும் மாதிரி சட்டமன்றத்துக்கு இந்த ஆய்வு சான்றிதழ் தரவில்லை. அடுத்தடுத்த வகுப்புகளில், ஒரே பொருளை விடாமல் பிடித்துக்கொண்டு, நடித்ததைப் பற்றி உட்கார்ந்து பேசும் முறைக்குத்தான் அது துணை நிற்கிறது.

ஒரே ஒரு பிரிவு

அப்படியானால் எந்தச் சட்டத்தை எடுப்பது? 'ஊழல் ஒழிப்பு', 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' போன்ற பெரிய தலைப்புகள் பேச்சுப் போட்டிக்குத்தான் ஆகும். வகுப்பறைக்கு வேண்டியது சின்னச் சட்டம். பிள்ளைகள் கண்ணால் பார்த்த விஷயம். இரண்டு பக்கமும் நியாயம் உள்ள விஷயம். தமிழ்நாட்டில் அதற்கென்றே செய்து வைத்ததுபோல் ஒன்று இருக்கிறது.

ஜவுளிக் கடைக்கும் நகைக் கடைக்கும் போகாத பிள்ளை இல்லை. அங்கே காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்க்கும் அக்காக்களைப் பார்க்காத பிள்ளையும் இல்லை. பல பிள்ளைகளின் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருப்பார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது கடைகளின் எழுதாத விதி. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவைச் சேர்ந்த பெண் தொழிலாளர்கள் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2018இல் அம்மாநிலம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் பேரவையில் ஒரு திருத்த மசோதாவை அறிமுகம் செய்தார். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. அதன் சாரம் இவ்வளவுதான்: ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும்; வேலையினூடே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும்; வேலை நேரம் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் நிலை இருக்கக் கூடாது.

ஒரே பிரிவு. கரும்பலகையில் எழுதிவிடலாம். ஆனால் உடனே எழுதக் கூடாது. முதல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சட்டத்தைக் காட்டாமல், பாத்திரச் சீட்டுகளை மட்டும் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கிய விற்பனைப் பெண், ஐந்து மாடிக் கடையின் முதலாளி, பத்துக்குப் பத்து அடியில் வளையல் கடை வைத்திருக்கும் அம்மா, ஊழியர் உட்கார்ந்திருந்தால் "கவனிக்க ஆளில்லை" என்று கோபிக்கும் வாடிக்கையாளர், தொழிற்சங்கத்துக்காரர், தொழிலாளர் துறை அதிகாரி. ஒவ்வொரு சீட்டிலும் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு தகவல் இருக்கட்டும். ஒருவர் தெரிந்ததை இன்னொருவர் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்றால் பிள்ளைகள் பேசுவதை விட்டுக் கேட்கத் தொடங்குவார்கள். சட்டம் பேரவையில் பிறப்பதில்லை, அதற்கு முன்பே தெருவிலும் கடையிலும் பிறக்கிறது என்பது அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் சொல்லாமலே விளங்கும்.

இரண்டாம் வகுப்பில் குழுக்களாகப் பிரிந்து பிரிவை எழுத வேண்டும். ஒரு குழு, "கடைகளில் ஊழியர்களுக்கு நாற்காலி போட வேண்டும்" என்று எழுதும் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. இருபது ஊழியருக்கு ஒரு நாற்காலி போட்டாலும் அந்த வாக்கியம் நிறைவேறிவிடுகிறதே? "ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி" என்று திருத்துவார்கள். வளையல் கடை அம்மா எழுந்து, நாற்காலி போட்டால் நான் எங்கே நிற்பது என்பார். நாற்காலியைக் கிடங்கில் போட்டுப் பூட்டி வைத்தால்? "உட்கார அனுமதிக்க வேண்டும்" என்று சேர்ப்பார்கள். எப்போது? "வேலை இல்லாதபோது." வேலை இல்லை என்று யார் முடிவு செய்வது, முதலாளியா ஊழியரா? இப்படி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து வரும்போது அரைப் பக்கம் நிரம்பிவிடும். அந்த நேரத்தில் உண்மையான 22-அ பிரிவைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், பாடநூல் வரியாகத் தோன்றியிருக்க வேண்டிய ஒன்று அவர்களுக்குத் தங்கள் சிக்கலுக்கு யாரோ கண்டுபிடித்த ஒரு தீர்வாகத் தெரியும். நாற்காலி என்று சொல்லாமல் 'இருக்கை வசதி' என்று சொன்னது ஏன், 'ஏற்ற' என்று பொதுவாக விட்டது ஏன் என்று அவர்களே கேட்பார்கள். சட்டத்தில் பொதுவாகச் சொல்வதும், நுணுக்கத்தை அரசு பிறகு வகுக்கும் விதிகளுக்கு விடுவதும் ஒரு தேர்வு என்பதும், அந்தத் தேர்வில் ஆதாயமும் ஆபத்தும் உண்டு என்பதும் புரியும்.

இன்னொரு இடத்தில் பிள்ளைகள் கண்டிப்பாக மாட்டுவார்கள். யாராவது ஒருவர், "சின்னக் கடைகளுக்கு அரசே நாற்காலி வாங்கித் தரட்டும்" என்பார். நல்ல யோசனைதான், ஆனால் மாநிலத் தொகுநிதியிலிருந்து செலவு ஏற்படுத்தும் மசோதாவைப் பேரவை நிறைவேற்ற, அரசியலமைப்பின் 207ஆவது உறுப்பின்படி ஆளுநரின் பரிந்துரை வேண்டும். நடைமுறையில் அது அமைச்சரவையின் சம்மதம். கருணைக்கும் கருவூலத்துக்கும் நடுவே ஒரு கதவு இருப்பதை அவர்கள் முட்டித் தெரிந்துகொள்வார்கள். இந்தச் சட்டத்தை மாநிலம் இயற்ற முடியுமா என்ற கேள்வியையும் இங்கேயே எழுப்பலாம். தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலமும் இயற்றலாம், ஒன்றியமும் இயற்றலாம், இரண்டும் முரண்பட்டால் பொதுவாக ஒன்றியச் சட்டமே நிற்கும். ஏழாவது அட்டவணையைப் பட்டியலாக ஒப்பிப்பதைவிட, தாங்கள் எழுதிய மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டு அதில் இடம் தேடுவது மனத்தில் நிற்கும்.

அவைக்குள்

மூன்றாம், நான்காம் வகுப்புகள் பேரவைக்கு உரியவை. தமிழ்நாடு சட்டமன்றத்தில் காலையில் பேரவைத் தலைவர் திருக்குறள் ஒன்றைப் படித்து அவையைத் தொடங்குவது வழக்கம். வகுப்பறையிலும் அப்படியே தொடங்கலாம். அடுத்தது எண்ணிக்கை. அவை நடக்கக் குறைந்தது பத்து உறுப்பினர்கள், அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு, இவற்றில் எது அதிகமோ அத்தனை பேர் இருக்க வேண்டும் என்கிறது 189ஆவது உறுப்பு. 234 பேர் கொண்ட நம் பேரவைக்கு 24. நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்புக்கு 10. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும்.

மசோதாவுக்கு அவையில் மூன்று கட்டங்கள்: அறிமுகம், பொதுக் கொள்கையை விவாதித்துப் பிரிவு பிரிவாக எடுத்தல், நிறைவேற்றம். இவற்றில் இரண்டாவதுதான் பள்ளி நாடகங்களில் முழுக்கக் காணாமல் போகிறது. அதற்கு ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்க வேண்டும். பேச்சு எதுவும் கிடையாது, திருத்தம் மட்டுமே. "இரண்டாவது வரியில் 'ஏற்ற' என்பதற்குப் பதிலாக 'முதுகுச் சாய்வுள்ள' என்று இருக்க வேண்டும்" என்று எழுத்தில் கொடுத்தால்தான் எழுந்து பேசலாம் என்பது விதி. வாய்ச்சொல்லில் வல்ல பிள்ளைகள் அன்று திணறுவார்கள். பின்வரிசையில் பேசாமல் இருந்து பேப்பரை உற்றுப் பார்க்கும் பிள்ளை அன்று எழுந்து நிற்பார். வாக்குகள் சமமாக விழுந்தால் மட்டுமே பேரவைத் தலைவருக்கு வாக்கு என்ற விதியும் அப்போது பயன்படும்.

உண்மையான பேரவைகளில் இந்தக் கட்டம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பி.ஆர்.எஸ். என்ற சட்டமன்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் மாநிலச் சட்டமன்றங்கள் சராசரியாக 22 நாள்கள்தான் கூடின. மசோதாக்களில் ஏறத்தாழ 44 விழுக்காடு அறிமுகமான அன்றோ மறுநாளோ நிறைவேறின. ஆகவே ஒரே மசோதாவை இரண்டு விதமாக நடத்திப் பார்க்கலாம். முதலில் அறிமுகம், உடனே குரல் வாக்கெடுப்பு, பத்து நிமிடத்தில் நிறைவேற்றம். அடுத்து, ஆறு பேர் கொண்ட தெரிவுக் குழுவுக்கு அனுப்பி, கடை முதலாளியையும் விற்பனைப் பெண்ணையும் அழைத்துக் கேட்டு, அறிக்கை பெற்று, பிறகு நிறைவேற்றம். இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழு எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சோதனை கொறடா. முதல் வாக்கெடுப்பில் பிள்ளைகள் மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும். இரண்டாவதில் ஒவ்வொரு கட்சிக் கொறடாவும் ஒரு சீட்டைக் கொடுப்பார்: ஆதரித்து வாக்களி, அல்லது எதிர்த்து வாக்களி. மீறினால் 1985இல் அரசியலமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணையின்படி பதவி போகலாம். ஐந்து நிமிடத்துக்கு முன்பு ஒரு திருத்தத்தை முன்மொழிந்தவரே அதற்கு எதிராகக் கையுயர்த்த வேண்டிவரும். கட்சித் தாவல் தடைச் சட்டம் எதைக் காக்க வந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்ற இரண்டு கேள்வியும் அந்தக் கையைத் தூக்கும்போதே வந்துவிடும்.

பேரவைக்கு வெளியே

பாடநூல் வரைபடத்தில் பேரவையிலிருந்து ஆளுநருக்கு ஓர் அம்புக்குறி, அங்கிருந்து சட்டத்துக்கு இன்னோர் அம்புக்குறி. தமிழ்நாட்டில் அந்த இரண்டாவது அம்புக்குறியைப் பற்றி அண்மை ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்திருக்கிறது. இதற்கு 22-அ போதாது. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை எடுக்கலாம். கைப்பேசி விளையாட்டைப் பற்றியது என்பதால் ஆர்வத்துக்குக் குறைவிருக்காது.

அதன் வரலாறு ஒரு தொடர்கதை. இணையவழிப் பந்தய விளையாட்டுகளைத் தடுக்க 2021இல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைத்த குழு ஜூனில் அறிக்கை கொடுத்தது. அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அக்டோபர் 19 அன்று அதற்குப் பதிலான மசோதாவைப் பேரவை நிறைவேற்றியது. பேரவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்தில் அவசரச் சட்டம் தானாகக் காலாவதியாகும் என்பது 213ஆவது உறுப்பு; நவம்பர் இறுதியில் அது காலாவதியானது. மசோதா ஆளுநரிடம் இருந்தது. 2023 மார்ச் தொடக்கத்தில், இதை இயற்றப் பேரவைக்கு அதிகாரமில்லை என்ற காரணத்தோடு திரும்பி வந்தது. மார்ச் 23 அன்று பேரவை அதை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தி, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகச் சேர்த்திருந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. 2025இல் வந்த ஒழுங்குமுறைகள் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பணம் வைத்து விளையாடத் தடை விதித்தன. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை விளையாட யாருக்கும் அனுமதி இல்லை என்றன. அவற்றை உயர் நீதிமன்றம் ஜூனில் ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றமே பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதை நடிக்கும்போது ஆளுநராக இருப்பவருக்கு 200ஆவது உறுப்பின் வழிகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்: ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், நிதி மசோதா அல்லாததை மறுபரிசீலனைக்குத் திருப்பலாம், குடியரசுத் தலைவரின் முடிவுக்கு ஒதுக்கலாம். திருப்பியதைப் பேரவை மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. அந்தச் சீட்டில் கெடு நாள் எதுவும் இருக்காது. ஆளுநர் மசோதாவை மேசைக்குள் வைத்துவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தால், வகுப்பில் யாராவது ஒருவர் "எத்தனை நாள் வைத்திருக்கலாம்?" என்று கேட்டே தீருவார். 2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாடு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தக் கேள்விக்குக் காலவரம்பு வகுத்துப் பதில் சொன்னது. நிலுவையிலிருந்த பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் அனுப்பிய வினாக்களுக்குக் கருத்துரைத்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலவரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது என்றது. அதேநேரம் காரணமின்றி முடிவில்லாமல் வைத்திருந்தால் நீதிமன்றம் தலையிட இடமுண்டு என்றும் கூறியது. எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நாட்டின் மூத்த நீதிபதிகளே இருவிதமாக விடை சொன்ன கேள்வியைத் தாங்களும் கேட்டோம் என்று பிள்ளைகள் அறிந்தால் போதும்.

கடைசி வகுப்பு எப்போதும் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகான நாளாக இருக்க வேண்டும். 22-அ பிரிவுக்குத் திரும்புவோம். ஆய்வாளர் கடைக்கு வருகிறார். ஒவ்வொரு தளத்திலும் ஸ்டூல் இருக்கிறது. ஆனால் யாரும் உட்காரவில்லை. "உட்கார யாரும் தடுக்கவில்லை, அவர்களே நிற்கிறார்கள்" என்கிறார் முதலாளி. விற்பனைப் பெண் தலையைக் குனிந்துகொள்கிறார். இது மீறலா? பிள்ளைகள் தாங்கள் எழுதிய வாசகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் விடை இருந்தால் நல்ல சட்டம். இல்லையென்றால் திருத்தம் கொண்டுவர வேண்டும். சட்டம் இயற்றுவது முடிந்துபோகிற வேலையல்ல என்று அவர்களுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இடர்கள்

இந்த முறையில் வழுக்கும் இடங்கள் உண்டு. முதலாவது, யாருக்கு என்ன பாத்திரம் என்பது. விட்டுவிட்டால் முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளை முதலமைச்சர், உரத்த குரல்காரர் எதிர்க்கட்சித் தலைவர், பெண் பிள்ளைகள் செயலகக் குறிப்பெழுதுவோர் என்று ஆகிவிடும். ஊரில் யாருக்கு யார் மரியாதை கொடுக்கிறார்களோ அதே அடுக்கு வகுப்பறைக்குள்ளும் வந்து உட்காரும். குலுக்கல்தான் இதற்கு மருந்து; ஒவ்வொரு கட்டத்திலும் பாத்திரம் மாற வேண்டும். விற்பனைப் பெண்ணாக நடித்தவர் அடுத்து முதலாளியாகவும், பிறகு ஆளுநராகவும் அமர்ந்தால்தான், அதிகாரம் நாற்காலிக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல என்பது விளங்கும். அதேபோல் வீட்டில் அம்மா கடை வேலைக்குப் போகும் பிள்ளையிடம் "நீ சொல்லு, உங்க அம்மா படும் பாட்டை" என்று எல்லோர் முன்னும் கேட்பது கொடுமை. அந்த அனுபவம் சீட்டில் எழுதிய பாத்திரத்தின் வழியாக வரட்டும். பிள்ளை விரும்பினால் தன்னுடையதைச் சேர்த்துக்கொள்வார்.

இரண்டாவது, ஆசிரியரின் அச்சம். அரசியல் பேசினோம் என்று புகார் வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சிச் செயல்பாட்டைத் தடுக்கின்றன. ஆனால் சட்டம் இயற்றப்படும் முறையைக் கற்பிப்பது கட்சி அரசியல் அல்ல, பாடத்திட்டம். உண்மையான கட்சிப் பெயர், கொடி, சின்னம், தலைவர் பெயர் எதையும் வகுப்பில் பயன்படுத்தாமல், 'ஆளும் வரிசை', 'எதிர் வரிசை' என்று மட்டும் சொன்னால் பெரும்பகுதிச் சிக்கல் தீரும். பிள்ளைகள் தலைவர்களின் குரலைப் பாவனை செய்து சிரிக்கவைக்க முயல்வார்கள். அதற்குத் திருத்த வகுப்பின் எழுத்து விதியே தடுப்பு.

மூன்றாவது, நேரம். ஆறு வகுப்புகள் என்பது பாடத்திட்டத்தை முடிக்கத் தவிக்கும் ஆசிரியருக்குப் பெரிய கோரிக்கை. ஆனால் மாநில அரசு பாடம் நடத்த எப்படியும் சில வகுப்புகள் போகத்தான் போகின்றன. ஆளுநரின் அதிகாரம், பேரவையின் அமைப்பு, பட்டியல்கள், நீதிமன்றம் என்று அந்தப் பாடத்தில் வரும் தலைப்புகளில் பெரும்பாலானவை மேலே சொன்ன ஆறு வகுப்புகளுக்குள் வந்துவிடுகின்றன. விடுபடுவதைப் படித்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடர், நடித்து முடித்ததும் மணியடித்துவிடுவது. ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடமும் பாத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுவதற்கானது. யாருடைய குரல் கேட்கப்படவில்லை? எந்த இடத்தில் மசோதா நின்றுபோயிருக்கும்? நிஜத்தில் நடப்பதற்கும் நாம் செய்ததற்கும் என்ன வேறுபாடு? இந்தப் பேச்சு இல்லையென்றால், சட்டம் இயற்றுவது சுலபம், நல்லவர்கள் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்ற தவறான பாடத்தைத்தான் பிள்ளைகள் எடுத்துப் போவார்கள். நடிப்பு எளிமைப்படுத்தும், எதை எளிமைப்படுத்தினோம் என்று சொல்வது ஆசிரியரின் கடமை.

தேர்விலிருந்து தொடங்குவோம்

பள்ளிகள் மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கே போகும் என்பதை இளைஞர் நாடாளுமன்றத்தின் அனுபவம் காட்டுகிறது. ஆகவே மாற்றத்தையும் மதிப்பெண்ணிலிருந்தே தொடங்கலாம். போட்டி நடத்துவோர் பேச்சுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை மசோதாவின் வாசகத்துக்கும் திருத்தங்களுக்கும் மாற்றலாம். வினாத்தாளில் "மாநிலச் சட்டம் இயற்றப்படும் படிநிலைகளை விவரி" என்ற ஒரு கேள்விக்குப் பதிலாக, ஓட்டையுள்ள ஒரு பிரிவைக் கொடுத்து, "இதனால் யார் விடுபட்டுப் போகிறார்கள்? திருத்தி எழுதுக. இத்திருத்தம் சட்டமாக இன்னும் யார் யார் ஒப்ப வேண்டும்?" என்று கேட்கலாம். முதல் கேள்விக்கு நோட்ஸ் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை எழுத, அந்த மாணவர் ஒரு முறையாவது அவையில் உட்கார்ந்து, எழுதி, தோற்று, திருத்தியிருக்க வேண்டும். பதினெட்டு வயதில் வாக்குச்சாவடிக்குப் போகும்போது, வாக்குக் கேட்டு வருபவரிடம் "எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவை மாற்றுவீர்கள்?" என்று கேட்கும் துணிச்சல் அத்தகைய வகுப்பிலிருந்துதான் வரும்.